கறையானுக்குத் தெரியுமா?

எங்கள் ஊர் மௌலவி ஒருவர் எனது நெடுநாளைய நண்பர். இஷாத் தொழுகை முடிந்தபின் பள்ளிவாசல் விறாந்தையில் இருந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். சில வருடங்களுக்கு முன் ஜிஸ்யா பற்றி ஒரு கட்டுரை எழுத முனைந்தவர், ஆங்கில நூலொன்றின் போட்டோப் பிரதியை என்னிடம் தந்து, "மாஸ்டர், இதில என்ன சொல்லியிருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்றார். ஆரம்பகால இஸ்லாத்தில் மதமாற்றமும் தலைவரியும் என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். 1950ஆம் ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டிருந்தது. ஆசிரியரின் பெயர் டானியல் டெனற்.

பெயரைப் பார்த்ததும் குழம்பிப்போனேன். டானியல் டெனற் என்றால் மனம், மூளை, கூர்ப்பு என்று எழுதிய அமெரிக்க மெய்யியலாளர். இறைமறுப்பைப் பகிரங்கமாகப் பேசிய நால்வரில் ஒருவராக எண்ணப்பட்டவர். ஆசிரியர் கலாசாலையில் என்னுடன் பயின்று இப்போது ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் மூலம் அவரைப் பற்றி ஓரளவு அறிந்திருந்தேன். அந்த மனிதர் எப்போது ஜிஸ்யாவையும் கராஜையும் பற்றி எழுதினார்? இரண்டு நாள் கழித்துத்தான் விடயம் விளங்கியது. இது வாப்பா, அது மகன். மூன்று தலைமுறையாக அவர்களுக்கு ஒரே பெயர்.

வாப்பா டெனற் இஸ்லாமிய வரலாற்றில் தேர்ந்தவர். உமையாக்களின் கடைசிக் கலீபாவான மர்வானைப் பற்றி ஹாவார்டில் ஆய்வு செய்தவர். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். ஆரம்பத்தில் தலைவரிக்கும் நிலவரிக்கும் வேறுபாடே இருக்கவில்லை, வரிக்குத் தப்புவதற்காகவே மக்கள் கூட்டங்கூட்டமாக இஸ்லாத்துக்கு வந்தார்கள் என்று வெல்ஹவுசன் போன்ற ஜேர்மன் அறிஞர்கள் நிறுவியிருந்தார்கள். இவர் மாகாணம் மாகாணமாக ஆதாரங்களைப் பார்த்து, விடயம் அவ்வளவு இலேசானதல்ல, இடத்துக்கிடம் முறைகள் வேறுபட்டன என்று காட்டினார். நூல் வெளிவரும்போது அவர் உயிருடன் இல்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெய்ரூத்தில் கலாசார அதிகாரி என்ற பெயரில் இருந்துகொண்டு தன் நாட்டுக்கு உளவுப்பணி செய்தவர், 1947 மார்ச்சில் எதியோப்பியாவில் விமான விபத்தொன்றில் பலியானார். 1942இல் பொஸ்டனில் பிறந்த மகனுக்கு அப்போது ஐந்து வயதளவில் இருக்கும். பெய்ரூத்தில் பாபர் என்று பெயர் வைத்து ஒரு மானை வளர்த்துக்கொண்டு திரிந்த பிள்ளை, தாயோடும் இரண்டு சகோதரிகளோடும் அமெரிக்கா திரும்பியது.

மௌலவியிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வாப்பா நம்மட வரலாறத் தேடிப் படிச்சிரிக்கார். மகன் படைச்சவனே இல்லையெண்டு போயிட்டார்" என்றார். பிறகு, "சரி மாஸ்டர், வாப்பாட கிதாபப் பாத்த மாதிரி மகன்டதயும் பாருங்க" என்றார். அப்படித்தான் நான் மகனை வாசிக்கத் தொடங்கினேன். அதற்குள் இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மகன் டெனற் பதினேழு வயதில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே குவைன் என்ற தருக்கவியலாளரின் நூலொன்றை ஒரே இரவில் வாசித்துவிட்டு, இந்த மனிதர் எங்கோ பிழைவிட்டிருக்கிறார், நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று குவைன் கற்பித்த ஹாவார்டுக்கே மாறிப்போனார். 1963இல் பட்டம். பிறகு ஒக்ஸ்போர்டில் கில்பேர்ட் றைலிடம் ஆய்வு. 1965இல் கலாநிதிப் பட்டம் பெறும்போது வயது இருபத்து மூன்று.

ஒக்ஸ்போர்டில் நடந்த ஒரு சிறு விடயம்தான் இவரை இவராக்கியது என்று எனக்குப் படுகிறது. கை மரத்துப்போவது பற்றி மெய்யியல் மாணவர்களிடையே பேச்சு வந்திருக்கிறது. நித்திரையில் கையின் மேல் படுத்துவிட்டால் எழும்பும்போது அது நம்முடைய கை மாதிரியே இருக்காது. இதைப் பற்றிச் சொற்களை வைத்து வாதாடிக்கொண்டிருந்தவர்கள் மத்தியில், நரம்பில் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று கேட்டவர் டெனற். அது மெய்யியல் கேள்வியல்ல என்பதே மற்றவர்களின் எண்ணம். அவர் போய் நரம்புக் கலம் என்றால் என்னவென்று படிக்கத் தொடங்கினார். அதிலிருந்து கடைசிவரை, மனத்தைப் பற்றிப் பேச வருகிறவன் மூளையைப் பற்றியும் தெரிந்திருக்கவேண்டும் என்ற பிடிவாதம் அவரை விடவில்லை.

1965 முதல் கலிபோர்னியாவில் கற்பித்தார். 1971இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கேயே இருந்தார். முதல் நூல் 1969இல், ஒக்ஸ்போர்ட் ஆய்விலிருந்து பிறந்தது. கோடை வந்தால் மெயின் மாநிலத்திலுள்ள தன் தோட்டத்துக்குப் போவார், பாய்க்கப்பல் ஓட்டுவார், சிற்பமும் செய்வார். பதவி உயர்வுக்கும் இடமாற்றத்துக்கும் அலைகின்ற நமக்கு, ஒரே இடத்தில் இருந்து ஒரே கேள்வியை ஐம்பது வருடம் விடாமல் கேட்ட மனிதர் மேல் கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்கிறது.

அவருடைய எழுத்தில் எனக்கு முதலில் பிடிபட்டது ஒரு கதை. 1978இல் வந்த நூலொன்றின் கடைசியில் இருக்கிறது. நிலத்துக்கடியில் புதைந்துபோன ஆபத்தான வெடிகுண்டு ஒன்றை எடுத்துவர டெனற்றை அனுப்புகிறார்கள். அதன் கதிர் மூளையைப் பாதிக்கும் என்பதால் மூளையை வெளியே எடுத்து ஒரு தொட்டியில் வைத்து, வானொலி அலை மூலம் உடலோடு இணைத்துவிடுகிறார்கள். உடல் தொட்டியின் முன்னால் நின்று தன் மூளையைப் பார்க்கிறது. இப்போது நான் எங்கே நிற்கிறேன்? தொட்டியிலா, வெளியிலா? அந்தக் கேள்வியைச் சிரிப்பு மூட்டும் விதமாகவே சொல்லிக்கொண்டு போவார். ஆனால் சிரித்து முடித்தபின் 'நான்' என்று சாதாரணமாகச் சொல்லமுடியாமல் போய்விடும்.

இதை மௌலவியிடம் சொன்னபோது, அவர் உடனே இப்னு சீனாவின் மிதக்கும் மனிதனை நினைவூட்டினார். வெற்று வெளியில், கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் எட்டாமல், ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பில் படாமல் மிதக்கின்ற ஒருவன். அவனுக்குத் தன் உடல் இருப்பதே தெரியாது, ஆனாலும் 'நான் இருக்கிறேன்' என்பது தெரியும் என்பது இப்னு சீனாவின் வாதம். டெனற்றிடம் இதைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். இப்படியான கற்பனைகளுக்கு அவர் 'உள்ளுணர்வுப் பம்பி' என்று ஒரு பெயர் வைத்திருந்தார். பம்பியை இயக்கினால் நமக்குள்ளிருந்து ஒரு முடிவு தானாக ஊற்றெடுத்து வரும். வந்த தண்ணீரைக் குடிக்கமுன் பம்பியைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்பார். எந்தத் திருகைத் திருப்பினால் முடிவு மாறுகிறது என்று பார்க்கவேண்டும் என்பார்.

1991இல் வந்த அவருடைய பெரிய நூல் பிரக்ஞையைப் பற்றியது. மூளைக்குள் ஒரு நாடக மேடை இருக்கிறது, நாம் காண்பதும் கேட்பதும் அங்கே வந்து அரங்கேற, உள்ளே இருந்து ஒருவன் பார்க்கிறான் என்ற எண்ணத்தை அவர் அடியோடு மறுத்தார். மேடையும் இல்லை, பார்வையாளனும் இல்லை. பல இடங்களில் பல வரைவுகள் ஒரே நேரத்தில் எழுதப்பட்டுத் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். பிரக்ஞையை விளக்கப் புறப்பட்டவர் அதை இல்லாமலே ஆக்கிவிட்டார் என்று எதிராளிகள் கேலி செய்தார்கள். இந்த இடத்தில் நானும் எதிராளிகள் பக்கம்தான். பல் வலிக்கும்போது வலிப்பது வரைவு அல்ல.

1995இல் டார்வினைப் பற்றி எழுதினார். அதற்காக ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியலாளர் 1997இல் அவரை டோக்கின்ஸின் மடியில் வளரும் நாய்க்குட்டி என்ற கருத்துப்பட ஏசினார். டெனற்றும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. பேராசிரியர்மார் சண்டை பிடிப்பது நமது ஊர்ச் சங்கங்களின் வருடாந்தக் கூட்டத்தைவிட மோசமாகத்தான் இருக்கிறது.

இனி அந்த இன்னொரு காரணத்துக்கு வருகிறேன். 2017இல் வந்த நூலில் டெனற் இரண்டு கட்டடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். ஒன்று அவுஸ்திரேலியக் கறையான் புற்று. மற்றது பார்சலோனா நகரில் கௌடி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த தேவாலயம். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. ஆனால் தேவாலயத்துக்கு ஒரு தலைவர் இருந்தார், வரைபடம் இருந்தது, ஏன் எதற்கு என்ற காரணங்கள் அவர் மனத்தில் இருந்தன. புற்றுக்குத் தலைவனும் இல்லை, வரைபடமும் இல்லை. எந்தக் கறையானுக்கும் தான் ஒரு புற்றைக் கட்டுவது தெரியாது. விளக்கம் இல்லாமலே திறமை இருக்கமுடியும் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்ததன் சாரம். அத்துடன் விடவில்லை. கௌடியின் மண்டைக்குள் இருந்ததும் கறையான் கூட்டம் மாதிரித்தானே என்று கேட்கிறார். ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள். அதில் ஒன்றுக்குக்கூடத் தேவாலயம் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாதவற்றின் கூட்டத்திலிருந்து தெரிந்தவன் எப்படி வந்தான்?

இந்தப் பக்கங்களை வாசித்தபோது எனக்கு முகம் சுட்டது.

பதினைந்து வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுத்துக்கொண்டிருந்தேன். விலங்குகள் சூழலுக்கு இசைவாவது பற்றிய பாடம். பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன், வயலும் வாய்க்காலுமாகத் திரிகின்றவன், எழுந்து, "சேர், கறையான் புத்துக்கு பிளான் போடுறது ஆரு?" என்றான். "அல்லாஹ்தான். இரி" என்றேன். அவன் இருக்கவில்லை. "அது தெரியும் சேர். கறையானுக்குத் தெரியுமா எண்டுதான் கேட்டன்" என்றான். வகுப்பு சிரித்தது. என்னை நக்கலடிக்கிறான் என்று நினைத்தேன். மெய்யைச் சொன்னால், பதில் தெரியாததால் அப்படி நினைத்தேன். பாடம் முடியும்வரை அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அதன்பிறகு அவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. உயர்தரம் படிக்கவில்லை. கட்டாருக்குப் போய் வாகனம் ஓட்டுகிறான்.

அவனுடைய கேள்வி நல்ல கேள்வி மட்டுமல்ல, ஈமானுக்கு எதிரான கேள்வியுமல்ல. அல்லாஹ் என்ற பதிலை ஏற்றுக்கொண்டு அதற்குப் பிறகு கேட்ட கேள்வி அது. இதை மௌலவியிடம் சொன்னபோது அவர் சூறா நஹ்லைச் சொன்னார். தேனீக்கு எங்கே கூடு கட்டவேண்டும் என்று அறிவிக்கப்பட்டதாக அங்கே வருகிறது. "தேனீக்கு அறிவிக்கப்பட்டது, ஆனா தேனீ அத விளங்கிச்சா எண்டு நாமளும் கேக்கலாம்தானே மாஸ்டர்? கேட்டா என்ன?" என்றார். ஒரு மௌலவி கேட்கத் துணிந்ததை ஒரு விஞ்ஞான ஆசிரியர் வெளியே நிற்க வைத்திருக்கிறார்.

ஆனால் டெனற் என்னை அவ்வளவு இலேசாக விடமாட்டார். எப்படி நடந்தது என்பது விஞ்ஞானம், யார் நாடினான் என்பது ஈமான் என்று நான் பிரித்துக்கொள்வதை அவர் ஏற்கவில்லை. மேலே வானத்தில் எதிலும் பிடிக்காமல் தொங்குகின்ற கொக்கி ஒன்றில் பாரத்தை மாட்டாதே, தரையில் நிற்கின்ற பாரந்தூக்கியைக் காட்டு என்பது அவர் வாதம். தரையில் நிற்பவற்றை எல்லாம் காட்டிய பின்னும் தரை ஏன் இருக்கிறது என்ற கேள்வி எனக்கு மிஞ்சுகிறது. அவருக்கு மிஞ்சவில்லை. அந்த இடத்தில் நாங்கள் பிரிகிறோம்.

2006இல் வந்த நூலில்தான் உண்மையாகக் கோபம் வந்தது. சமயத்தை ஓர் இயற்கை நிகழ்வாக ஆராய்கின்ற அந்த நூல், புல்லின் நுனிக்கு ஏறி ஏறி விழுகின்ற எறும்பொன்றோடு தொடங்குகிறது. எறும்பின் மூளைக்குள் ஒட்டுண்ணிப் புழு ஒன்று இருக்கிறது. எறும்பு மாட்டின் வயிற்றுக்குள் போனால்தான் புழுவுக்கு வாழ்வு, அதனால் எறும்பை ஏற்றுகிறது. மனிதனுக்கும் இப்படி ஏதும் நடக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒரு கருத்துக்காக மனிதர் தம் நலனைத் துறப்பதைச் சொல்கிறார். அங்கேயே இஸ்லாம் என்ற அறபுச் சொல்லின் பொருள் அடிபணிதல் என்பதையும் எடுத்துக்காட்டுகிறார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மூன்று நாள் தொடவில்லை.

நாலாம் நாள் மௌலவியிடம் முறையிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவர் நம்மள மட்டுந்தான் சொல்றாரா?" என்று கேட்டார். திரும்ப எடுத்துப் பார்த்தேன். இல்லை. நீதிக்காகவும் ஜனநாயகத்துக்காகவும் உயிர் கொடுத்தவர்களையும் அதே வரிசையில்தான் வைக்கிறார். தன் நலனைவிடப் பெரிதொன்றைத் தேடுவது மனிதனுக்கே உரிய தன்மை என்றும் சொல்கிறார். கோபத்தில் பாதிதான் நான் வாசித்திருந்தேன். உவமை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. எறும்புக்குத் தெரியாமல் புழு புகுந்தது. தெரிந்து, யோசித்து, சில இரவுகள் சந்தேகப்பட்டும் சுஜூதுக்குப் போகிறவன் எறும்பல்ல. இதை அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும் போல இருந்தது.

மௌலவி அன்று இமாம் கஸ்ஸாலியைப் பற்றிப் பேசினார். மெய்யியலாளர்களை மறுத்து 'தஹாஃபுத்' எழுதியவர், அவர்கள் சொல்வது என்னவென்பதை விளக்கி 'மகாஸித்' என்று ஒரு நூலும் எழுதினார். முதலில் விளங்கு, பிறகு மறு என்பது அந்த நூலின் முகவுரை. 12ஆம் நூற்றாண்டில் அது தொலேடோவில் இலத்தீனுக்குப் போனது. முகவுரை இல்லாமலே பல பிரதிகள் பரவியதால், கஸ்ஸாலியும் இப்னு சீனாவின் கூட்டத்தவர்தான் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதிராளியின் கருத்தை அவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். வியப்பு என்னவென்றால் 2013இல் வெளிவந்த டெனற்றின் நூலிலும் இதே பாடம் இருக்கிறது. அனத்தோல் ரப்போபோட் என்பவரிடமிருந்து கற்றதாகச் சொல்கிறார். ஒருவரை மறுக்கமுன், அவர் சொன்னதை அவரே 'நான் இப்படிச் சொல்லியிருக்கலாமே' என்று நன்றி சொல்லும்படி எடுத்துச் சொல். உடன்படும் இடங்களைச் சொல். அவரிடம் கற்றதைச் சொல். அதன் பிறகுதான் மறுக்க உரிமை. தானே எல்லா வேளையும் அதைக் கடைப்பிடித்தாரா என்பது வேறு கதை. கூல்டைக் கேட்டால் தெரியும்.

2006 ஒக்டோபரில் அவருடைய இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி கிழிந்தது. ஒன்பது மணித்தியால சத்திரசிகிச்சை. இழையால் நெய்த குழாய் ஒன்றைப் பொருத்திப் பிழைக்க வைத்தார்கள். சில வாரங்களில் ஒரு கட்டுரை எழுதினார். கடவுளுக்கு நன்றி என்று தான் சொல்லப்போவதில்லை, வைத்தியர்களுக்கும் தாதியருக்கும்தான் நன்றி என்றார். உங்களுக்காகப் பிரார்த்தித்தோம் என்ற நண்பர்களிடம், ஆடும் அறுத்தீர்களா என்று கேட்க நாக்குத் துடித்ததாகவும் எழுதினார். அந்த நக்கல் தேவையில்லாதது. துஆச் செய்தவர்கள் அவர்மேல் அன்பினால் செய்தார்கள்.

ஆனாலும் அந்தக் கட்டுரையை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. என் வாப்பாவுக்குக் கொழும்பில் இதய சத்திரசிகிச்சை நடந்தது. மூன்று இரவுகள் ஒரு சிங்களத் தாதி, அரைகுறைத் தமிழில் "மாமா, மாமா" என்று கூப்பிட்டு, அவருடைய சளியைத் துடைத்து, பயந்து எழும்பும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீடு வந்ததும் கத்தம் ஓதினோம், சோறு கொடுத்தோம், அல்ஹம்துலில்லாஹ் என்று ஆயிரம் தடவை சொன்னோம். அந்தப் பிள்ளையின் பெயரை நான் கேட்கவில்லை. வாட்டைவிட்டு வரும்போது திரும்பி ஒரு சொல் சொல்லவில்லை. மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் பற்றிய நபிமொழி எனக்குத் தெரியாததல்ல. காலைக்கூட்டத்தில் எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதை எனக்கே சொல்ல இறைவனை மறுத்த ஒருவர் வேண்டியிருந்தது.

தன் வாழ்க்கையை 2023இல் ஒரு நூலாக எழுதினார். அதே வருடம், மனிதர்போல நடிக்கின்ற கணினி நிரல்களைக் கள்ளநோட்டுக்கு ஒப்பிட்டு எச்சரித்தார். விளக்கம் இல்லாத திறமையை ஆயுள் முழுக்க வியந்தவர், அது மனிதமுகம் போட்டு வந்தபோது பயந்தார். 2024 ஏப்ரல் 19ஆம் திகதி மெயினில் காலமானார். வயது எண்பத்திரண்டு. செய்தியைச் சொன்னபோது மௌலவி என்ன சொல்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டார்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கட்டாரிலிருந்து அவன் விடுமுறையில் வந்திருந்தான். அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது கண்டேன். தாடி வைத்து, உடம்பு போட்டு, மகனைக் கையில் பிடித்திருந்தான். ஸலாம் சொல்லி நலம் விசாரித்தபின், "நீ ஒருநாள் வகுப்பில கறையான் புத்தப் பத்திக் கேட்டாய், ஞாபகமா?" என்றேன்.

யோசித்தான். "இல்ல சேர். வெளியில நிக்க வெச்சது ஞாபகம். ஏனெண்டு ஞாபகமில்ல" என்று சிரித்தான்.

ஏனென்று சொன்னேன். பிழை என்னில்தான் என்றும் சொன்னேன். அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "அதெல்லாம் விடுங்க சேர்" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "அப்ப அதுக்குத் தெரியுமா சேர்?" என்று கேட்டான்.

பள்ளிவாசல் மதிலோரம் வேப்ப மரத்தின் கீழ் வாங்கு இருக்கிறது. அங்கே போய் இருந்தோம். மகன் மணலில் விளையாடிக்கொண்டிருந்தான். புற்றிலிருந்து தொடங்கினேன். அவன் இடையிடையே கேட்டுக்கொண்டே இருந்தான். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது நான் இன்னும் கௌடிக்கு வந்திருக்கவில்லை.